ஒட்டுக்கேட்டுச் சேர்த்த புதையல்

1937 ஜனவரி 30-ஆம் தேதியிட்ட ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ வார இதழில் ஒரு கடிதம் வந்தது. மூன்று இளைஞர்கள் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பிரிட்டிஷ் மக்களின் அன்றாட வாழ்க்கையை ஆராயப் போகிறோம், கூட வேலைசெய்ய ஆட்கள் வேண்டும் என்பதுதான் சேதி. எதையெல்லாம் ஆராயப் போகிறார்களாம்? பட்டியலைப் பாருங்கள்!

போர் நினைவுச் சின்னத்தின் முன்னால் மக்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள். கார் ஓட்டுகிறவர்கள் போடும் கூச்சல், காட்டும் சைகை. குளியலறையில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள். தாடி, அக்குள், புருவம். யூதர்கள் மீதான வெறுப்பு. ஆபாச ஜோக்குகள் எப்படிப் பரவுகின்றன, அவற்றுக்கு என்ன அர்த்தம். சாவுச் சடங்கும் அதை நடத்திக்கொடுப்பவர்களும். சாப்பாட்டில் பெண்களுக்குள்ள விலக்குகள். மருத்துவச்சிகளின் சொந்த வாழ்க்கை.

யூத வெறுப்புக்குப் பக்கத்திலேயே புருவம்! இந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் எனக்கு உற்சாகம் குறையவே இல்லை. மக்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் எதையுமே அற்பம் என்று ஒதுக்காதே என்கிற வெறி இதில் இருக்கிறது. அந்த வெறிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘மாஸ் அப்சர்வேஷன்’. மக்களை மக்களே கவனித்து எழுதுவது. இன்றைக்கு அந்தக் காகிதங்கள் பெட்டி பெட்டியாக ஒரு காப்பகத்தில் இருக்கின்றன. அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்ப்போம், வாருங்கள்.

முதலில், இது எப்படித் தொடங்கியது என்கிற கதை. 1936 டிசம்பரில் எட்டாம் எட்வர்ட் மன்னர், வாலிஸ் சிம்ப்சனைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக அரியணையை விட்டு இறங்கினார். டிசம்பர் தொடக்கம் வரைக்கும் பிரிட்டிஷ் பத்திரிகைகள் அந்தக் காதலைப் பற்றி மூச்சு விடவில்லை. விஷயம் வெடித்த மறுநாளே, மக்கள் இப்படி நினைக்கிறார்கள், அப்படி நினைக்கிறார்கள் என்று எல்லாரும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மக்களிடம் போய் யார் கேட்டார்கள்? ஒருவரும் இல்லை. சார்ல்ஸ் மேட்ஜ் என்கிற கவிஞருக்கு இது உறுத்தியது. அவர் ‘டெய்லி மிரர்’ நிருபரும்கூட. நம் நாட்டு மனிதர்களையே மானுடவியல் கண்ணோடு ஆராய ஒரு குழு அமைக்கிறோம் என்று ஜனவரி 2-ஆம் தேதி ‘நியூ ஸ்டேட்ஸ்ம’னுக்கு எழுதினார்.

அதே பக்கத்தில் ஒரு கவிதையும் அச்சாகியிருந்தது. எழுதியவர் டாம் ஹாரிசன். தென் பசிபிக்கில் மாலெகுலா தீவில் பழங்குடி மக்களோடு வாழ்ந்துவிட்டு வந்தவர், பறவை ஆராய்ச்சியாளர், வயது 25. தன் கவிதை வந்திருக்கிறதா என்று பார்க்க இதழைப் பிரித்தவர் கண்ணில் மேட்ஜின் கடிதம் பட்டது. தான் செய்ய நினைத்ததையே இன்னொருவர் சொல்லியிருக்கிறார்! உடனே தொடர்புகொண்டார். திரைப்பட இயக்குநர் ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸும் சேர, மூவர் அணி தயார். ஒரு கவிதைக்குப் பக்கத்தில் ஒரு கடிதத்தை வைத்த அச்சுக் கோப்பாளருக்கு இந்த ஆராய்ச்சித் துறையே கடன்பட்டிருக்கிறது.

ஹாரிசன் தேர்ந்தெடுத்த களம் வடக்கு இங்கிலாந்தின் பருத்தி ஆலை நகரமான போல்டன். ஏன் போல்டன்? மாலெகுலா மலைமேல் இருந்த மக்கள்வரை எட்டியிருந்த ஒரே மேற்கத்திய சக்தி யூனிலீவர் நிறுவனம்தான் என்று அவர் சொன்னார். அந்தச் சோப்புச் சாம்ராஜ்யத்தைக் கட்டிய வில்லியம் லீவர் பிறந்த ஊர் போல்டன். தீவிலிருந்து நூல் பிடித்தாற்போல அங்கே வந்து சேர்ந்துவிட்டார்! வந்தவர் பஞ்சாலையில் வேலை பார்த்தார், லாரி ஓட்டினார், ஐஸ்கிரீம் விற்றார். தொழிலாளிகளைப் பற்றி எழுத வேண்டும் என்றால் அவர்களோடு நின்று பேச வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

டேவன்போர்ட் தெரு, 85-ஆம் எண். ஆலைத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் ஒரு சாதாரண வீடு. அதுதான் தலைமையகம். கல்லூரி மாணவர்கள், வேலையில்லாத உள்ளூர் இளைஞர்கள், ஓவியர்கள், எழுத்தாளர்கள் என்று வந்து போய்க்கொண்டே இருந்தார்கள். இரவானால் ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிடுவார்கள். சர்ச், நடன அரங்கம், மல்யுத்தம், தேர்தல் கூட்டம், மதுக்கடை. கேட்டதை அப்படியே எழுத வேண்டும். பார்த்ததை நேரத்தோடு குறிக்க வேண்டும். தாங்கள் யார் என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. யாரோ இருவர் பேருந்து நிறுத்தத்தில் பேசிய அரை வாக்கியம்கூடத் தேதி, இடம், பேசியவரின் உத்தேச வயது சகிதம் காகிதத்தில் ஏறிவிடும்.

இதில் மதுக்கடை ஆய்வு இருக்கிறதே, அதற்குத் தனியாகக் கைதட்ட வேண்டும். போல்டனில் அப்போது சுமார் 300 மதுக்கடைகள். கவனிப்பாளர்கள் மூலையில் உட்கார்ந்து, ஒருவர் ஒரு பைண்ட் பியரை முடிக்க எத்தனை நிமிடம் எடுக்கிறார் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தார்கள். கிடைத்தது என்ன தெரியுமா? கூட்டாளிகளாகச் சேர்ந்து குடிப்பவர்களின் குவளைகளில் பியர் மட்டம் ஏறக்குறைய ஒரே அளவில் இறங்குகிறது! எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் காலி செய்கிறார்கள். ஒருவருக்கொருவர் முறைவைத்து வாங்கிக்கொடுக்கும் பழக்கத்தோடு சேர்த்துப் பார்த்தால் இதன் அர்த்தம் புரியும். யாரும் முந்தக் கூடாது, யாரும் பிந்தக் கூடாது. கேள்வித்தாள் கொடுத்து “நீங்கள் நண்பரின் குவளையைப் பார்த்துத்தான் குடிக்கிறீர்களா?” என்று கேட்டிருந்தால் ஒரு மனிதராவது ஆமாம் என்றிருப்பாரா?

கடைக்குள் எந்த அறையில் யார் உட்காருகிறார்கள் என்பதும் பதிவானது. ‘வால்ட்’ எனப்பட்ட அறை முழுக்க ஆண்களுக்கானது. பெண்கள் அங்கே நுழைவதில்லை. ‘லவுஞ்ச்’ அறைக்குள் பெண்கள் வரலாம், நாற்காலி நன்றாக இருக்கும், அதே பியருக்கு ஒரு பென்னி கூடுதல். எந்த அறையில் எந்தத் தொப்பி என்றுகூட எண்ணியிருக்கிறார்கள். ஒரே கூரையின் கீழே வர்க்கமும் ஆண் பெண் பேதமும் சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டிருந்ததை எந்தப் புள்ளிவிவரத் துறையும் கணக்கெடுக்கவில்லை. இவர்கள் எடுத்தார்கள். 1943-இல் ‘தி பப் அண்ட் தி பீப்பிள்’ என்கிற புத்தகமாகவும் வந்தது.

படம் எடுத்தவர் ஹம்ஃப்ரி ஸ்பெண்டர். சின்ன லைக்கா கேமராவைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். அவருக்கு இந்த ஒளிவுமறைவு கூச்சமாகவே இருந்தது. மதுக்கடையில் மாட்டிக்கொண்டு வாக்குவாதமும் ஆகியிருக்கிறது. அவர் எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் போல்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. துணி காயும் சந்து, வாக்குக் கேட்கும் வேட்பாளர், சவ ஊர்வலம், தெருவில் விளையாடும் பிள்ளைகள். யாருமே கேமராவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதனாலேயே அந்த ஊர் அப்படியே நம் முன்னால் நிற்கிறது.

ஆலைகளுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஒரே வாரத்தில் மொத்தமாக விடுமுறை. ஊரே காலியாகிப் பிளாக்பூல் கடற்கரைக்குப் போகும். கவனிப்பாளர்களும் பின்னாலேயே போனார்கள்! இருட்டிய பிறகு கடற்கரையில் நடக்கும் லீலைகளைப் பற்றிப் பிளாக்பூலுக்குப் பெரிய பெயர் உண்டு. மணலில் இவர்கள் தேடிப்போய்ப் பார்த்தால், பெரும்பாலான ஜோடிகள் சும்மா அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர் பேசுவதும் ஊர் செய்வதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடைக்காது.

ஒட்டுக்கேட்பது சரியா? அன்றைய பத்திரிகைகள் இவர்களை வேவுக்காரர்கள் என்று திட்டின. அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கேட்காமல் எடுத்த வார்த்தை கேட்காமல் எடுத்ததுதான்; இன்றைய ஆராய்ச்சி நெறிமுறைகள் இதில் பாதியைக்கூட அனுமதிக்காது. ஆனால் எல்லாமே ஒளிந்திருந்து எடுத்ததல்ல. நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதி அனுப்பினார்கள். எனக்கு அதிகம் பிடித்தது அந்தப் பக்கம்தான்.

அவர்களிடம் 1937-இல் கேட்கப்பட்ட ஒரு கேள்வி: உங்கள் வீட்டுக் கணப்புக்கு மேலே இருக்கும் திட்டில் என்னென்ன பொருள்கள் இருக்கின்றன? இடமிருந்து வலமாக வரிசையாக எழுதுங்கள், நடுவில் இருப்பது எது என்று சொல்லுங்கள். இவ்வளவுதான் கேள்வி! பதில்களைப் பாருங்கள்: நடுவில் கடிகாரம், இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாக அலங்காரப் பொருள்கள், பதில் எழுதாத கடிதங்கள், சுருட்டுக் குழாய். ஒரு குடும்பம் எதைப் பெருமையாக நினைத்தது, எதைக் கண் படும் இடத்தில் வைத்தது, எதை அவசரத்தில் செருகியது என்று எல்லாம் அந்த ஒரு பலகையில் தெரிந்துவிடுகிறது. “உங்கள் குடும்ப விழுமியங்கள் என்ன?” என்று கேட்டிருந்தால் அத்தனை பேரும் நல்ல பிள்ளையாகப் பதில் எழுதியிருப்பார்கள்.

இப்போது ஒப்பிட்டுப் பார்க்கும் சுகத்துக்கு வருவோம். 1938-இல் போல்டன் உள்ளூர்ப் பத்திரிகை வழியாக ஒரு போட்டி அறிவித்தார்கள்: மகிழ்ச்சி என்றால் என்ன? 226 பேர் எழுதினார்கள். மகிழ்ச்சிக்கு எது முக்கியம் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது முதல் மூன்று இடங்களைப் பிடித்தவை பாதுகாப்பு, அறிவு, மதம். 2014-இல் போல்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே கேள்விகளை அதே ஊரில் மறுபடி கேட்டார்கள். இந்த முறை முதலில் வந்தது நகைச்சுவை உணர்வு, அடுத்து ஓய்வு நேரம், அப்புறம்தான் பாதுகாப்பு. மதம் பத்தாவது இடத்துக்குப் போய்விட்டது.

1938-இல் பாதுகாப்பு ஏன் முதலிடம் என்று அந்தக் காலத்தை நினைத்தாலே விளங்கும். பஞ்சாலைத் தொழில் சரிந்துகொண்டிருந்தது, வேலை நிச்சயமில்லை, ஐரோப்பாவில் போர் மேகம். இன்னொரு பதிலும் என்னை நெகிழவைத்தது. எங்கே இருக்கும்போது அதிக மகிழ்ச்சி என்று கேட்டதற்கு 1938-இல் பெரும்பாலானவர்கள் போல்டனில் என்றார்கள். 2014-இல் 63 சதவீதம் பேர் ஊரைவிட்டு வெளியே இருக்கும்போது என்றார்கள். மாறாததும் ஒன்று உண்டு: மகிழ்ச்சி என்பது பொருள் வசதியோடு நேரடியாகக் கட்டப்பட்டது அல்ல என்று இரண்டு காலத்திலும் பெரும்பான்மையினர் சொல்லியிருக்கிறார்கள்.

போர் வந்ததும் இந்தக் காகிதக் குவியல் இன்னும் பெரிதானது. சுமார் 480 பேர் நாட்குறிப்பு எழுதி அனுப்பினார்கள். பாரோ-இன்-ஃபர்னஸ் ஊரைச் சேர்ந்த நெல்லா லாஸ்ட், தன்னை ‘இல்லத்தரசி, வயது 49’ என்று குறிப்பிட்டுக்கொண்டு 1939-இல் தொடங்கியவர், 1960-கள் வரைக்கும் நிறுத்தவே இல்லை! குண்டுவீச்சு, ரேஷன், கணவரின் மௌனம், தன்னார்வச் சேவைக்குப் போனபின் தனக்குள் முளைத்த தைரியம் என்று அத்தனையும் பென்சிலும் மையுமாக ஏறியிருக்கிறது. ஒரு பெண் தன் திருமண வாழ்க்கையைப் பற்றி மெல்ல மெல்ல மனம் மாறுவதை நாள்வாரியாகப் பார்க்கிறோம். எந்தக் கருத்துக்கணிப்பு சதவீதமும் இதைத் தர முடியாது.

அடுத்தது எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான விஷயம். 1970-களில் ஹாரிசன், போர்க்காலத்தில் தமக்கு எழுதியவர்கள் சிலரைத் தேடிப்பிடித்தார். பழைய குறிப்பைப் பார்க்காமல், அந்த நாட்களை நினைவிலிருந்து எழுதுங்கள் என்றார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொருந்தவில்லை. நடந்த வரிசை மாறியிருந்தது, இடம் மாறியிருந்தது, பயம் வீரமாகியிருந்தது. கோவென்ட்ரி நகரம் 1940 நவம்பரில் எரிந்த மறுநாள் இவருடைய குழு பதிவுசெய்தது பீதியும் அழுகையும். நாடு பிற்பாடு நினைவில் வைத்துக்கொண்டதோ அசையாத பிரிட்டனை. இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நினைவு தன் வேலையைச் செய்கிறது. அதனால்தான் அன்றன்றைக்கு எழுதிய காகிதத்துக்கு இவ்வளவு மதிப்பு. எங்கள் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் இருந்தோம் என்று பெரியவர்கள் சொல்லும்போது, ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்லக் கூடியவை இந்தப் பெட்டிகள் மட்டுமே.

பெட்டிகள் பிழைத்ததே பெரிய காரியம். போருக்குப் பிறகு அமைப்பு சந்தை ஆய்வு நிறுவனமாக மாறிவிட, பழைய காகிதங்களைச் சீந்த ஆளில்லை. சசெக்ஸ் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த வரலாற்றாசிரியர் ஏசா பிரிக்ஸ் 1970-இல் அவற்றுக்கு இடம் கொடுத்தார். இன்று பிரைட்டன் அருகே ‘தி கீப்’ காப்பகத்தில் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் வேறு வகைப் புதையல். ஜார்ஜ் காலப், 1932-இல் அயோவா மாநிலத் தேர்தலில் நின்ற தன் மாமியாருக்காகக் கருத்துக்கணிப்பு எடுத்துப் பார்த்தார். மாமியார் ஜெயித்தார், மாப்பிள்ளை 1935-இல் பிரின்ஸ்டனில் கருத்துக்கணிப்பு நிறுவனம் தொடங்கினார்! அவருடைய பழைய கேள்வித்தாள்களைப் படிக்கும்போது பதிலைவிடக் கேள்விதான் என்னை நிமிர்ந்து உட்காரவைக்கிறது. 1937-இல் கேட்டது இது: மற்ற எல்லா விதத்திலும் தகுதி உள்ளவராக இருந்தால், ஒரு பெண்ணை ஜனாதிபதியாக்க வாக்களிப்பீர்களா? ‘மற்ற எல்லா விதத்திலும்’! பெண்ணாக இருப்பதே ஒரு தகுதிக் குறைவு என்று கேள்வியே தீர்மானித்துவிட்டது. கேட்டவர்களுக்கு அது தவறாகப் படவில்லை. 33 சதவீதம் பேர் சரி என்றார்கள். மறு வருடம், சம்பாதிக்கும் கணவன் இருக்கும்போது மனைவி வேலைக்குப் போகலாமா என்றதற்கு 78 சதவீதம் பேர் கூடாது என்றார்கள். 1958-இல் கறுப்பர், வெள்ளையர் கலப்புத் திருமணத்தை ஏற்றவர்கள் 4 சதவீதம், 2021-இல் 94.

இந்த எண்களின் பின்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். அந்தக் காலத்தில் காலப்பின் ஆட்கள், வாக்குப் போடுகிறவர்களின் கருத்தைப் பிடிப்பதையே குறியாக வைத்திருந்தார்கள். வாக்குரிமை நடைமுறையில் மறுக்கப்பட்ட தென் மாநிலக் கறுப்பின மக்கள் அதில் மிகக் குறைவு. பெண்களும் ஏழைகளும்கூட அவர்கள் தொகைக்கு ஏற்ற அளவில் இல்லை. ‘அமெரிக்கா நினைக்கிறது’ என்று தலைப்பு வந்தபோது அமெரிக்காவில் ஒரு பகுதியிடம் யாரும் கதவைத் தட்டியிருக்கவில்லை. பழைய கணிப்பைப் படிக்கிறவர்கள் முதலில் தேடவேண்டியது இந்த வெற்றிடத்தைத்தான்.

சொல்லுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து காட்டியவர் ஸ்டான்ஃபோர்ட் சமூகவியலாளர் ரிச்சர்ட் லாபியர். 1930-களின் தொடக்கத்தில் ஒரு சீனத் தம்பதியோடு காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். சீனர்கள் மீது வெறுப்பு வெளிப்படையாக இருந்த காலம். 251 விடுதிகள், உணவகங்கள். இடம் இல்லை என்று திருப்பி அனுப்பியது ஒரே ஒரு இடம். பிறகு அதே இடங்களுக்குக் கடிதம் போட்டார்: சீனர்களை விருந்தினராக ஏற்பீர்களா? பதில் எழுதியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் மாட்டோம் என்றார்கள்! எதிரில் நின்றவரை வரவேற்ற இடங்கள்தான் காகிதத்தில் ‘மாட்டோம்’ என்று எழுதின.

இதே தூரம் எதிர்த் திசையிலும் வரும். 1983-இல் தொடங்கி பிரிட்டனில் சமூக மனப்பான்மை ஆய்வு ஒன்று நடந்துவருகிறது. சம்பாதிப்பது ஆணின் வேலை, வீட்டைக் கவனிப்பது பெண்ணின் வேலை என்று 1987-இல் ஒப்புக்கொண்டவர்கள் 48 சதவீதம். 2022-இல் 9 சதவீதம். முப்பத்தைந்து வருடத்தில் ஒரு சமூகம் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது, எனக்குப் புல்லரிக்கிறது! ஆனால் அதே 2022-இல், துணி துவைப்பது யார் என்று கேட்டபோது, பெரும்பாலும் பெண்தான் என்று 65 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். சமத்துவம் வேண்டும் என்று மனமாரச் சொல்லிவிட்டு அழுக்குக் கூடையைத் தாண்டிப் போகிறார்கள். இந்த இரண்டு கேள்வியையும் ஒரே ஆய்வில் வைத்தவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் வெற்றிச் செய்தி மட்டும் வந்திருக்கும்.

நம் வீட்டிலும் இரண்டு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1937 மே 12-ஆம் தேதி, ஆறாம் ஜார்ஜ் முடிசூடிய அன்று, மாஸ் அப்சர்வேஷன் தன் தன்னார்வலர்களிடம் அந்த ஒரு நாளை முழுக்க எழுதித் தரச் சொன்னது. 2010 முதல் ஒவ்வொரு மே 12-உம் பிரிட்டனில் வசிக்கும் எல்லாரிடமும் அதே நாட்குறிப்பைக் காப்பகம் கேட்டுவருகிறது. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்களே, உங்கள் காலைச் சமையல், பிள்ளைகளை எந்த மொழியில் அதட்டினீர்கள், கோயிலுக்குப் போன பேருந்து, ஊருக்குப் பேசிய போன், அத்தனையையும் எழுதி அனுப்புங்கள். நூறு வருடம் கழித்து பிரிட்டனின் அன்றாடத்தைத் தேடுகிறவர்கள் உங்களை அங்கே காண வேண்டும். மற்றவர்கள் ஒரு நோட்டு வாங்குங்கள். யார் என்ன சமைத்தார்கள், என்ன விலை, யார் யாரை எப்படிக் கூப்பிட்டார்கள், டிவிக்குப் பக்கத்தில் இடமிருந்து வலமாக என்னென்ன இருக்கிறது. தேதியைப் போட்டு, அழகுபடுத்தாமல் எழுதி, பேரப்பிள்ளைகள் கையில் கிடைக்கும் இடத்தில் வையுங்கள்.